சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள்

மலக் குப்பிகளைக் கோயில் மண்டபத்தில் வைக்கக்கூடாது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், திருவிழாச் சாப்பாட்டுக்கு மறுநாள் நிறையப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எங்கள் சுகாதார அலுவலகத்துக்குப் போன் வந்தது. வேன் நின்றதும் முதல் ஆளாகக் குதித்தேன். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே நீளமாக ஒரு மேசை. ஆகா, இதுதான் இடம் என்று சிவப்பு மூடிக் குப்பிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

“தங்கச்சி, அது என்ன டப்பா?” என்றார் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர்.

சொன்னேன்.

“அலாமாக்! இன்னும் கொடிகூட இறக்கலமா! ஆயாக்கொட்டாய்ல கொண்டுபோய் வைங்க லா!”

ஆயாக்கொட்டாய் என்பது, ரப்பர் இருந்த காலத்தில் மரம் சீவப் போன அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. உள்ளே ஒரு பந்து வலையும், ஓட்டை ஒலிபெருக்கி ஒன்றும், முதுகு உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. கூட்டிப் பெருக்கினோம். ஒரு மூலையில் குப்பிகளும் ஐஸ் பெட்டியும். கதவோரம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். ஜன்னல் பக்கம் கேள்வி கேட்க ஒரு மேசை. கழிவறைக்குப் போகும் வழியில் எல்லாரும் நம்மைப் பார்க்கும்படி உட்காரக்கூடாது, குப்பியோடு வருகிறவர்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று மேசையை இரண்டாவது முறை நகர்த்தினோம். ஒரு நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி வேலை மேசை நகர்த்துவதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு மலாய்க்கார டாக்டர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். வேலையை மூன்றாகப் பிரித்தார். நோயாளிகளைப் பார்க்க ஒரு குழு. சமையல்கட்டு, தண்ணீர், பாத்திரம் பார்க்க ஒரு குழு. எனக்குச் சமையல்கட்டுதான் வேண்டும் என்று காலையிலிருந்தே கையுறையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஈப்போ சிலிபின்னில் இருந்து விடியற்காலையில் கிளம்பி வந்ததே அதற்குத்தான்.

“நீ நல்லா இருக்கிறவங்களைப் பாரு,” என்றார் டாக்டர் மலாயில்.

“யாரை?”

“விருந்துக்குப் போயும் ஒன்றும் ஆகாதவர்களை. உனக்குத் தமிழ் தெரியும். வீடு வீடாகப் போய்க் கேள்.”

எனக்கு முகம் தொங்கிப் போனது. வீடு எரியும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் நலம் விசாரிக்க அனுப்பியதைப் போல இருந்தது.

போகும் வழியில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். கோயில் சமையல்கட்டுக்கு வெளியே, கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சமையல் அவர்தான். அன்றைக்கு அவரோடு பேச யாரும் இல்லை. அவருடைய அண்டாக்களைப் படம் பிடித்து யாரோ தோட்டத்து வாட்சாப் குழுவில் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதவும் வேண்டியிருக்கவில்லை.

“ஞாயித்துக்கிழம ஒரு நிச்சயதார்த்தச் சமையல் இருந்துச்சு,” என்றார். “காலையில போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரியில. அவருக்கும் வயித்துப்போக்கு. வேணாம்னு சொன்னத நான் தப்புன்னு சொல்லலமா. நானா இருந்தாலும் சொல்லுவேன்.” கொஞ்ச நேரம் அண்டாவின் விளிம்பைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “என் கையாலதான் ஆச்சா? அத மட்டும் கண்டுபிடிச்சு சொல்லு. அப்படின்னா நான் இனிமே கரண்டி தொட மாட்டேன்.”

சோதனை முடிவு வரும் வரை எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. “பாக்குறோம் க்கா,” என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு நடக்கும்போது அந்த வார்த்தை எவ்வளவு காலியாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

நோயாளிகளிடம் கேள்வி கேட்பது சுலபம். அவர்களுக்குச் சொல்லக் கதை இருக்கிறது. நல்லா இருக்கிறவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

“எனக்கு ஒன்னும் இல்லயே லா. வலி வந்தா நானே கூப்புடுறேன்,” என்று ஒருவர் கேட்டைப் பாதி மூடினார். இன்னொரு வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த பையன், என் வயதுதான் இருக்கும், கேள்வி கேட்டதும் நெளிந்தான். உள்ளேயிருந்து அவன் அக்கா குரல் கொடுத்தார்: “நல்லா எழுதிக்கமா! மூணு தடவ பந்தியில உக்காந்தது இவன்தான். ஊரே படுத்துக் கெடக்கு, இவனுக்கு ஏப்பம்கூட வரல!”

வயதான ஓர் அம்மா உட்காரச் சொல்லி மைலோ கொடுத்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் தலவலின்னு போட்டுக்கமா,” என்றார்.

“தலவலி இருக்கா பாட்டி?”

“இல்ல. ஆனா ஊரே சக்கித்தா படுத்துக் கெடக்கும்போது நான் மட்டும் நல்லா இருக்கேன்னு எழுதி வச்சா கண்ணு படும்.”

சிரித்தேன். வெளியே வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இதற்கு முன் நான்கைந்து வீடுகளில் “லேசா வயிறு ஒரு மாதிரி” என்று சொல்லியிருந்தார்களே, அது வயிறா, கண்ணேறுக்குப் பயமா? ஆரோக்கியமாக இருப்பதை ஒப்புக்கொள்ள இவ்வளவு கூச்சம் இருக்கும் ஊரில், நல்லா இருக்கிறவர்களை எப்படிப் பொறுக்குவது? திரும்ப அந்த வீடுகளுக்கு நடந்தேன். இந்தத் தடவை உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. “இன்னிக்குக் காலையில என்ன சாப்ட்டீங்க?” என்று கேட்டேன். ரொட்டி சானாய், காரச் சம்பல் என்று சொன்னவர்களை நல்லா இருக்கிறவர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வெள்ளைப் பலகையில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் துலங்கவில்லை. விருந்துக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு நோய், பாதிப் பேருக்கு இல்லை. எல்லாரும் ஒரே சோறு, ஒரே சாம்பார், ஒரே கோஸ் பொரியல். போதாக்குறைக்கு, விருந்துக்கே போகாத ஒருவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். விருந்தன்று வேலையில் இருந்த இன்னும் சிலருக்கும் அதே நோய்.

“இவருக்கு வேறு ஏதாவது இருக்கும், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?” என்றார் எங்கள் குழுவில் ஒருவர்.

“எடுக்க வேண்டாம்,” என்றார் டாக்டர். என்னைப் பார்த்தார். “உன் வீட்டுக்குப் போகிற வழிதானே ஆஸ்பத்திரி? தமிழில் ஒரு தடவை கேட்டுப் பார்.”

படுக்கையில் இருந்தவர் ஒரு கடைத்தொகுதியில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கும் அண்ணன். பக்கத்தில் அவர் மகள் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை வேண்டாம் என்று சொன்ன வீடு இவருடையதுதான்.

“அண்ணே, நீங்க திருவிழாவுக்குப் போகலயா?”

“எங்க போறது? ஜாகாவுக்கு யாரு லீவு தருவா?”

“அப்ப கோயில் சாப்பாடு சாப்புடல.”

“சாப்ட்டேனே.”

“போகலன்னு சொன்னீங்க?”

“போகல. சாப்பாடு வந்துச்சு.” என்னைப் பார்த்த பார்வையில், எந்த ஊர்ப் பெண் இது என்ற கேள்வி இருந்தது. “வேலைக்குப் போனவனுக்குப் பங்கு எடுத்து வைக்காம எங்க தோட்டத்துல பந்திய முடிக்க மாட்டாங்க தங்கச்சி. புங்குஸ் பண்ணி, பொட்டலமா கட்டி வச்சிருப்பாங்க. சாயங்காலம் ஒருத்தன் மோட்டார்ல கொண்டாந்து கொடுப்பான். இன்னும் சூடாத்தான் இருந்துச்சு.”

விருந்துக்குப் போனீர்களா என்று கேட்டோம். விருந்து உங்களிடம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே டாக்டருக்குப் போன் போட்டேன். இடம், காலம், பொட்டலம் என்று ஒரே மூச்சில் கொட்டியதில் அவர் இரண்டு தடவை “மெதுவாக” என்றார்.

மறுநாள் காலையில் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனோம். இலையில் சாப்பிட்டீர்களா, பொட்டலமா, இரண்டுமா? அவ்வளவுதான் கேள்வி. பலகை பேச ஆரம்பித்தது. இலையோடு எழுந்து போனவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று பந்தி உட்கார்ந்த அந்தப் பையனுக்குக்கூட ஒன்றுமில்லை. இலையிலும் சாப்பிட்டு ராத்திரிக்குப் பொட்டலமும் கொண்டுபோனவர்கள் படுத்திருந்தார்கள். என்னை அனுப்பியபோது முகம் தொங்கியதே, அந்த நல்லா இருக்கிறவர்கள் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது. நோயாளிகளை மட்டும் கேட்டிருந்தால் எல்லா விரலும் ஓர் அண்டாவைத்தான் காட்டியிருக்கும்.

விதி விதிதான், ஆனாலும் கால் நிற்கவில்லை. சமையல்கட்டுக்கு ஓடினேன். “அக்கா, இலையில சாப்ட்டவங்களுக்கு ஒன்னும் இல்ல! பொட்டலத்துலதான்...”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

“பொட்டலம் கட்டுனது நான்தான்மா,” என்றார். “கமிட்டி யாரும் கேக்கல. வேலைக்குப் போனவங்களுக்குன்னு நானா ஒரு அண்டா கூடுதலா வடிச்சேன். சூடு ஆறக்கூடாதுன்னு, ஐஸ் போடாத ஐஸ் பெட்டியில அடுக்கி, துணி போட்டு இறுக்கி மூடுனேன். மிச்சத்த பந்திக்கு வந்தவங்களும் ராத்திரிக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க.”

ஓடி வந்து நல்ல செய்தி என்று நான் நீட்டியது அவருடைய அன்பையே அவர் மேல் திருப்பியிருந்தது. சோற்றில் இருக்கும் சில கிருமிகள் கொதியிலும் சாகாமல் பதுங்கிக் கிடக்கும். மூடி வைத்த மிதமான சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் பெருகும். கொதிக்கக் கொதிக்க வைத்திருக்க வேண்டும், இல்லை ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், நடுவில்தான் ஆபத்து என்று மெல்லச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். அழவில்லை. “அப்ப என் சமையல் இல்ல, என் மூடிதான்,” என்றார், தனக்குத்தானே.

அன்று மாலை ஆயாக்கொட்டாயில் ஊரைக் கூட்டினோம். சோதனை முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் அதற்குள் இன்னொரு விருந்து நடக்கலாம். எச்சரிப்பதற்குக் காத்திருக்க முடியாது என்று டாக்டர் முடிவெடுத்திருந்தார். யார் பெயரும் சொல்லக்கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். அவர் மலாயில் பேச, நான் தமிழில் சொன்னேன். பின்வரிசையில், அன்று காலைதான் வீடு திரும்பிய ஜாகா அண்ணன் கைலியோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

“அதெல்லாம் சரி, பொட்டலம் யாரு கட்டுனது?” என்று ஒரு குரல்.

நான் மலாயில் சொன்னதும், அது எங்கள் கேள்வி இல்லை என்றார் டாக்டர். நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா எழுந்து நின்றார். “நான்தான்.”

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போகிற சத்தம் முழுதாகக் கேட்டது.

“எனக்காகத்தானே கட்டுனீங்க,” என்றார் ஜாகா அண்ணன். குரலில் இன்னும் தெம்பு வரவில்லை. “வேற யாரு எனக்கு எடுத்து வச்சா? அந்தப் படத்தப் போட்டவன் வச்சானா?”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமைக்கு டவுன்ல ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன். இன்னும் முடிவு சொல்லல. நீங்க வருவீங்களா க்கா?”

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். “பொட்டலம் கிடையாது,” என்றார்.

“என்கூட நைட் ஷிப்ட் பாக்குற பயலுங்க இருக்கானுங்களே. லேட்டாத்தான் வருவானுங்க லா.”

“வரட்டும். வந்தப்புறம் ரெண்டாவது தடவ அடுப்பு பத்த வைக்கிறேன். உக்காந்து சாப்ட்டுட்டுப் போகட்டும்.”

கூட்டம் கலைந்தது. கண்ணேறுக்குப் பயந்த அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது, “தலவலி போயிடுச்சுன்னு மாத்திக்கமா,” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். மிஞ்சிய பொட்டலச் சோற்றில் அதே கிருமிதான் என்று சோதனை முடிவு பிறகு வந்தது. அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தே போயிருந்தது.

கூட்டம் முடிந்த அந்த மாலையே, குப்பிகளை ஐஸ் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று கொட்டகையை அளந்து பார்த்தார். நிச்சயதார்த்தம் பெண் வீட்டில்தான், ஆனால் சமையல் இங்கே வைத்துக்கொள்ளப் போகிறாராம், காற்று நன்றாக வருகிறதாம்.

“தங்கச்சி, அந்த டப்பா ஒன்னுகூட விடாம எடுத்துட்டுப் போயிடு,” என்றார். “அந்த மேசையிலதான் நான் காய் வெட்டணும். போறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவிக் கொடு.”

டாக்டர் வேனில் காத்திருக்க, வாளி நிறையத் தண்ணீரும் குளோரினும் கொண்டுவந்து கழுவினேன். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, மூலையைக் காட்டி, “அங்க இன்னொரு தடவ,” என்றார்.