மாதம் முப்பத்தொரு புகார்கள்

மாதத்துக்கு முப்பத்தொன்று. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்பது ஆண்டுகளாகக் காட்டிவந்த புகார்களின் சராசரி அது. முந்நூற்றுப் பத்து மருத்துவமனைகள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இவ்வளவுதான் புகார் என்றால் யாராக இருந்தாலும் கைதட்டுவார்கள். தட்டவும் செய்தார்கள். அந்த எண்ணுக்கு மாதாமாதம் கையெழுத்துப் போட்டவர் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி, பிரிவின் தலைவர். பதிவு செய்த புகாரை மென்பொருள் ஆட்கள் டிக்கெட் என்பார்கள். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு டிக்கெட் அக்கா என்றே பெயர்.

தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் அக்கா முதலில் வந்தார். ஒருநாள் ஒரு மருத்துவமனையின் வரவேற்பறைப் பெண் அழுதுகொண்டே அழைத்தாள். திரை உறைந்து நிற்கிறது, எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், மருத்துவர் கத்துகிறார். பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்த அக்கா, தன் சொந்தக் கைப்பேசி எண்ணையும் கொடுத்தார். "அடுத்த தடவை படிவமெல்லாம் நிரப்பிட்டு இருக்காதீங்கம்மா. நேரா எனக்கு அடிங்க."

அந்த எண் பரவியது. அக்கா பிரிவின் தலைவரானபோது பழக்கமும் கூடவே மேலேறியது. அப்போதைய துறைத் தலைவர் மாதக் கூட்டத்தில் ஒரு வரைபடம் போடுவார். டிக்கெட் குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. சிவப்பு வந்த மாதம் பிரிவுக்கு ஊக்கத்தொகை கிடையாது. பிரிவில் இருந்த ஆறு பேரும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பேசித் தீர்வதைப் பேசித் தீர்த்துவிடுவது. மென்பொருள் எழுதியவர்களே கைவைத்தாக வேண்டிய பழுதை மட்டும் டிக்கெட்டாகப் பதிவது. இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. சுறுசுறுப்பு என்று நினைத்தார்கள். துறைத் தலைவர் பச்சை வரைபடங்களைக் காட்டி வேறொரு நிறுவனத்தில் இதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போனார்.

பிறகு வந்தார் வியூக அதிகாரி. மூன்றாம் மாடியில் கண்ணாடி அறை. இரண்டாம் நாளே கண்ணாடியின் உட்புறம் முழுக்க வெள்ளைக் காகிதம் ஒட்டினார். ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பி, அன்று மாலைக்குள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் விழுந்துவிட்டது.

அக்கா கவனிக்கத் தொடங்கினார். மனிதவளப் பிரிவுப் பெண் திடீரென்று "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். மூன்று ஆண்டில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அச்சுப்பொறி அருகே போனால் தாளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட் விவகாரம். அக்கா ஆறு கேட்டிருந்தார், பெட்டியில் மூன்றுதான் இருந்தது.

"மீதி மூணு எங்கப்பா?" என்று பொருள் வழங்கும் ஊழியரைக் கேட்டார்.

"மேலேருந்து மூணுதான் ஒப்புதல் ஆச்சு மேடம்."

"ஆள் ஆறு பேர் இருக்கோமே?"

அந்த ஊழியர் பெட்டியின் ஒட்டுத்தாளைப் படிக்கத் தொடங்கினார். அக்கா மனத்துக்குள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். யார் அந்த மூன்று பேர்?

அந்த வாரமே மியூட் என்கிற ஊழியர் கண்ணாடி அறைக்குள் போய்வந்தார். ஆறு பேரில் அக்காவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர், நாற்பது வயது. காணொளிக் கூட்டங்களில் ஒலிவாங்கியைத் திறக்க மறந்து ஐந்து நிமிடம் வாயசைப்பார். அப்படி வந்த பெயர்.

"ரெண்டு தடவை உள்ள போயிருக்கான்" என்றார் அக்கா, வீட்டில் கணவரிடம். அவர் பேருந்து ஓட்டுநர். "முதல் தடவை இருபது நிமிஷம். ரெண்டாவது நாப்பத்தஞ்சு."

"நீ சேவைப் பிரிவுல வேலை பாக்குறியா, வாட்ச்மேன் வேலை பாக்குறியா?"

"சிரிக்காதீங்க. பாதிப் பேரைத் தூக்கப் போறாங்க."

"அதுக்கு மியூட் எதுக்கு? கூட்டத்துல அவன் பேசுறது யாருக்குமே கேக்காதுன்னு நீதானே சொன்ன?"

"அதாங்க பயமா இருக்கு. இப்ப ஒருத்தருக்கு மட்டும் கேக்குது."

மறுநாள் மாடிப்படித் திருப்பத்தில் மியூட்டை மடக்கினார்.

"உள்ள என்ன சொன்ன?"

"எதுக்குள்ள அக்கா?"

"எனக்கே காது குத்தாத. காகிதம் ஒட்டின ரூமுக்குள்ள."

மியூட் மேலும் கீழும் பார்த்தார். "முப்பத்தொண்ணு பொய்யின்னு சொன்னேன்."

அக்கா ஒரு படி மேலேறி அவர் வழியை மறித்தார்.

"அந்தாளு கையில ஒரு தாள் இருக்கு அக்கா. ஆறு பேரு, முப்பத்தொரு டிக்கெட். ஆளுக்கு மாசம் அஞ்சு. நீங்களா இருந்தா எத்தனை பேரை வெச்சுப்பீங்க?"

அக்கா மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். தான் அந்த இடத்தில் இருந்தால் ஒன்றரைப் பேர். "நீ சொன்னதை நம்பினானா?"

"வேலையக் காப்பாத்திக்கப் புளுகுறேன்னு நினைக்கிறான். உங்களைக் கூப்பிடுவான்."

அக்கா பாதியைத்தான் நம்பினார். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மீதி அறுபது நிமிடம் என்ன பேசினான்?

அழைப்பு மதியமே வந்தது. வியூக அதிகாரி ஒரு கோப்பைத் திருப்பி வைத்தார்.

"ஒன்பது வருஷமா முப்பத்தொண்ணுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க ஆளு மாசம் நானூறுங்கிறார். எது பொய் மேடம்?"

முப்பத்தொன்று உண்மை என்றால் மூன்று பேர் வீட்டுக்குப் போக வேண்டும். நானூறு உண்மை என்றால் ஒன்பது ஆண்டுக் கையெழுத்தும் பொய்.

"முப்பத்தொண்ணுதான் சார் பொய்."

"அப்ப நூத்தியெட்டு அறிக்கையும்?"

"நூத்தியெட்டும்."

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லல சார். சிவப்பு வந்தா ஊக்கத்தொகை போகும். பச்சையா இருந்தா யாரும் எதுவும் கேக்கல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்கே எல்லா மருத்துவமனைக்கும் சொல்லி நானூறு டிக்கெட் போட வைப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா கைப்பையைத் திறந்து தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். "இதுக்குத்தான் சார் அடிப்பாங்க. உங்க ஆளை எடுக்கச் சொல்லுங்க. நான் தொடமாட்டேன்."

"தொடாம இருந்தாப் பத்தாது. ரெண்டு வாரம் வீட்ல இருங்க."

தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து அக்காவின் கைப்பேசியோடு அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரின் அழைப்புகளும் அவர் கண்முன்னே எண்ணப்பட்டன. முதல் அழைப்பை எடுத்ததுமே அவருக்குப் பாட்டு விழுந்தது.

"யாருங்க நீங்க? அக்கா எங்க?"

"அவங்க விடுப்புல இருக்காங்க. நான் அலுவலகத்துலேருந்துதான் பேசுறேன்."

"அக்கா போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? திருடிட்டீங்களா? எங்க காவலாளியைக் கூப்பிடுறேன், இருங்க!"

அன்று மதியத்துக்குள் பதினான்கு அழைப்புகள். இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் சேர்த்து இருநூற்று மூன்று. அப்போதும் வியூக அதிகாரிக்குத் திருப்தி இல்லை. பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குத் தானே பேசி, இந்த வாரம் அழைக்கச் சொல்லி யாராவது தூண்டினார்களா என்று விசாரித்தார். பதினோரு பேர் இல்லை என்றார்கள். பன்னிரண்டாவது பெண், முதலில் நீங்கள் யாரென்று நிரூபியுங்கள் என்று வைத்துவிட்டாள்.

பதினைந்தாம் நாள் அக்காவின் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பிரிவு முழுமைக்குமான சுற்றறிக்கை: ஆறு இடங்களும் நீடிக்கும். இன்னொன்று அவருக்கு மட்டும்: நூற்றெட்டுத் தவறான அறிக்கைகளுக்காகத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார், அதே பிரிவில் தொலைபேசிப் பணியில் தொடரலாம். புதிய தலைவரின் பெயர் கடைசி வரியில் இருந்தது. மியூட்.

கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஏம்மா, அவன் இதுக்குத்தான் உள்ள போனானா? இல்ல உங்க ஆறு பேருக்காகவா?"

"உங்க போன்ல கூப்பிட்டுக் கேட்டேன். உங்களுக்காகத்தான் அக்காங்கிறான்."

"நம்புறியா?"

"மூணு பேர் வேலை தப்பிச்சுது. அதை நம்புறேன்."

முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு அக்கா ஜன்னலோர வரிசையில் நான்காவது நாற்காலியில் உட்காருவார். வரும் ஒவ்வோர் அழைப்பையும் டிக்கெட்டாகப் பதிவார். விடுப்பு வேண்டுமென்றால் மியூட்டுக்கு எழுதிக் கேட்பார்.