குழாய் ரிப்பேர்

ரோஸ்லினின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸில் நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே குளியலறை, தகரக் கதவோடு. உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியே வாளியோடு நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். ஆற அமரக் குளிப்பது எப்படி இருக்கும் என்று அவள் அறிந்தது டேனியலைக் கட்டிக்கொண்டு சைனிக்புரிக்கு வந்த பிறகுதான்.

அது மாமனார் கட்டிய வீடு. ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். குளியலறையை மட்டும் ஆசைப்பட்டுச் செய்திருந்தார். சுவரில் வெள்ளை ஓடு, அதற்குக் கறுப்புக் கரை. பித்தளைக் குழாய்கள். பொல்லாரத்தில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அங்கிருந்து வாங்கி வந்த, கால் வைத்த வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்றும் இருந்தது. அந்த அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகக் குளித்த அன்று, யாரும் கதவைத் தட்டவில்லை என்பதை நினைத்தே ரோஸ்லினுக்கு அழுகை வந்தது.

மாமனாரும் மாமியாரும் காலமான பின், வீட்டில் ரோஸ்லினும் டேனியலும் டேனியலின் அக்கா லூர்துமேரியும் இருந்தார்கள். லூர்துமேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இரண்டு முழங்காலும் வலி. ரோஸ்லின் அவளை மைனி என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்குள்ளும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை.

போன வருஷம் மழையில் குளியலறைச் சுவர் ஊறி, ஹால் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே ஓடிய பழைய பைப் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது என்றார் மேஸ்திரி சலீம். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் என்பதால் தமிழ் பேசுவார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா கண்ணாடித் தடுப்பு வெச்சுப் பண்ணலாம் மேடம். இப்போ எல்லாரும் அதான் கேக்கறாங்க."

"நக்கோ சலீம் பாய், வேண்டாம். பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். அதைவிட நல்லா வேணும்."

கறுப்புக் கரை ஓட்டுக்காக அவள் கடை கடையாக அலைந்தாள். பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போட்டாள். தொட்டிக்கு உள்ளே புது எனாமல் பூசச் சொன்னாள். அதன் தலைப்பக்கம் பழைய காலத்து மோஸ்தரில் ஒரு ஷவர். தொட்டிக்குப் பக்கத்தில் வாளி வைத்துக் குளிக்கச் சின்னதாக ஒரு இடமும், இடுப்புயரத்தில் ஒரு சிமென்ட் கட்டையும் இருந்தன. அது கண்ணை உறுத்துகிறது என்று இடிக்கச் சொன்னாள். அங்கே ஒரு மர அலமாரி வந்தது.

கட்டையை இடித்த அன்று லூர்துமேரி வாசலில் வந்து நின்றாள்.

"ரோஸ்லின், பிடிச்சுக்கிட ஒரு கம்பி மட்டும் போடச் சொல்லுதியா? ஸ்டீல் கம்பி. சின்னதா இருந்தாப் போதும்."

ரோஸ்லின் அப்போது ஓட்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ மைனி, ஸ்டீல் கம்பி போட்டா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்."

"சரி, வேண்டாம். விடு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரோஸ்லின் அதை மறந்தும் போனாள்.

வேலை முடிந்த சில நாட்களில் தொட்டிக் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ரோஸ்லின் சலீமுக்குப் போன் போட்டுக் கத்தினாள். "என்ன வேலை பாய் இது? நீங்க போட்ட குழாய் அதுக்குள்ள ஆடுது!" அவர் வந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரிசெய்து கொடுத்துப் போனார்.

காலையில் டேனியல் பட்டான்செருவில் இருக்கும் மருந்துக் கம்பெனிக்குப் பஸ் பிடித்துப் போய்விடுவான். ரோஸ்லின் உப்பலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் சீக்கிரமே கிளம்பிவிடுவாள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி ஒரு சொட்டு ஈரமில்லாமல் பளபளவென்று இருக்கும். மைனி எவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைக்கிறார்கள் என்று டேனியலிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த மாதம், சர்ச்சைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. ஜெபம் முடிந்து கேக்கும் டீயும் கொடுத்த பிறகு, பெண்கள் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ரோஸ்லினும் அதற்காகத்தான் காத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜலஜா உதவிக்கு வந்திருந்தாள். சைனிக்புரியிலேயே வளர்ந்தவள். எல்லாரும் கதவருகே கூடி நின்று ஓட்டைத் தடவிப் பார்த்தார்கள்.

"எவ்ளோ அழகா இருக்கு! ஆனா இந்தத் தொட்டி இவ்ளோ உயரமா இருக்கே. லூர்து அக்கா எப்படி ஏறி இறங்கறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஜலஜா டீக் கப்புகளை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "அட, அக்கா இங்க எங்க குளிக்கறாங்க? தினம் எங்க வீட்டுக்குத்தான வராங்க. எங்க மாமனார் முடியாம இருந்தப்போ பாத்ரூம்ல போட்ட கம்பியெல்லாம் இன்னும் அப்படியே இருக்குல்ல."

அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ரோஸ்லினுக்குத் தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது.

ரோஸ்லினுக்குக் காது மடல் சுட்டது. வாய் முந்திக்கொண்டது.

"குழாய் ரிப்பேரா இருந்துச்சு. அதனாலதான் கொஞ்ச நாளா..."

அத்தனை பேரும் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். லூர்துமேரி நாற்காலியில், மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, குழாய் ரிப்பேர்தான்," என்றாள். "ரோஸ்லின் சொல்லிச் சொல்லிப் பார்த்தா, மேஸ்திரி வரவே இல்ல."

மைனி தன்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட ரோஸ்லின் தாங்கியிருப்பாள். தன் பொய்யை அவள் தாங்கிப் பிடித்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. போதாததற்கு, ஒரு பாவமும் அறியாத சலீம் தலையிலும் பழி விழுந்துவிட்டது. விருந்தாளிகளை வாசல்வரை கொண்டுவிட்டபோது அவளால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து மைனியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் மைனி எங்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவ கேட்டேம்லா. ரெண்டாவது தடவ கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீ ஆசையாக் கட்டுன."

"ஒரு நாள்கூட இங்க குளிக்கலையா?"

"ஒரு நாள் குளிச்சேன். இறங்கும்போது வழுக்கிட்டு. குழாயப் பிடிச்சுத் தொங்கிட்டேன். எழும்ப முடியல. ரொம்ப நேரம் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீ அந்த மேஸ்திரியைப் போன்ல ஏசுனபோது எனக்கு ஒருமாதிரி ஆயிட்டு. சொல்லிருக்கணும். சொல்லல."

எத்தனையோ நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிய கைகள் அவை. அந்தக் கைகளால் மாற்றுச் சேலையையும் சோப்புப் பெட்டியையும் துணிப் பையில் எடுத்துக்கொண்டு, மூவரும் வாழும் வீட்டை விட்டு மைனி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. ரோஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டேனியலிடம் சொன்னபோது அவன் திட்டவில்லை. "எனக்கும் தெரியலையே. என் சொந்த அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமல் எழுந்து போனான்.

மறுநாள் சலீமைக் கூப்பிட்டாள். குழாய் எப்படிச் சாய்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "அட விடுங்க மேடம். பெரியம்மாக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார். அலமாரியை எடுத்துவிட்டு, அங்கே உட்கார்ந்து குளிக்க ஒரு திண்டு கட்டினார். இரண்டு பக்கமும் கம்பி வைத்தார். துளை போடும்போது கறுப்புக் கரை ஓடு ஒன்று குறுக்காக விரிசல் விட்டது. அதே ஓடு இனிக் கிடைக்காது. அப்படியே இருக்கட்டும் என்றாள் ரோஸ்லின்.

தொட்டியையும் தூக்கிவிடலாம் என்று அவள் சொன்னதற்கு லூர்துமேரி சம்மதிக்கவில்லை. "அப்பா வாங்குனது. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

திண்டு காய்ந்த பின் ரோஸ்லின் ஸ்கூலுக்கு லீவு போட்டாள். லூர்துமேரி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூடத் துணைக்கு வரட்டுமா என்று கேட்க நினைத்தாள் ரோஸ்லின். கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். வெகுநேரம் கழித்து லூர்துமேரி ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

"சரியா இருக்கா மைனி?"

"கம்பி நல்லாப் பிடிமானமா இருக்கு," என்றவள், மாற்றுச் சேலையை மடித்துத் துணிப் பையில் வைத்தாள். "நாளைக்கு மட்டும் ஜலஜா வீட்டுக்குப் போய்ட்டு வருதேன். திடீர்னு நிறுத்துனா அவ என்னமும் நினைப்பா."

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, அந்தப் பையை வாங்கிக்கொண்டு ஜலஜா வீட்டு வாசல்வரை மைனியோடு நடந்தாள். ஜலஜா கதவைத் திறந்ததும் நன்றி சொல்ல ஒரு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் பையை மட்டும் ஜலஜாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.