ஐந்து தட்டு

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரையும் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. வயிறு எரிகிறது, சொல்கிறேன்.

எங்கள் கப்பல் ஒரு காலத்தில் போருக்குச் சிப்பாய்களை ஏற்றிப் போனது. இப்போது உல்லாசக் கப்பல். சிப்பாய்கள் அடுக்கடுக்காய்ப் படுத்துக் கிடந்த இடத்தில் நடன அறை. அதற்கும் கீழே ஒரு பழைய இரும்பு அறை. ஆள் இறங்க ஒரே ஒரு வட்டத் துவாரம். நான் வெல்டர். அன்று உள்ளே பெயிண்ட் அடிக்க இறங்கியவன் என் மச்சான், மனைவிக்கு ஒரே தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்ட புண்ணியவான் நான்தான்.

இறங்குகிறவன் தன் நம்பர் வில்லையைத் துவாரத்துக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். நிரந்தரமாக அடைப்பதற்கு முன் மூடி மேல் சுத்தியலால் மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தட்டு திரும்பி வரும்.

பகல் 2.35. நான் போகும்போதே மூடியை வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். கொக்கியில் வில்லை இல்லை. நாலு மணிக்குப் பயணிகள் ஏறுவார்கள் என்று மேனேஜர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. வெல்ட் போடு."

மச்சான் எங்கே என்றேன். சாப்பிடப் போயிருப்பான் என்றார். என் டிபன் பெட்டியில் பாதியைக் காலி செய்யாமல் அவனுக்கு ஒரு நாளும் பசி தீர்ந்ததில்லை. என்னை விட்டு எங்கே போவான்?

தட்டினேன். டங்... டங்... டங்...

பதில் இல்லை.

2.38. முகக்கவசத்தை இறக்கினேன்.

டங்.

கீழிருந்து...

டங்... டங்... டங்... டங்.

ஐந்து.

எங்கள் தொழிலில் ஐந்து கிடையாது.

"இரும்பு சூட்டுல சத்தம் போடும்யா. வேலையைப் பாரு." அவருக்கு வியர்த்திருந்தது.

மறுபடி ஐந்து. என் உள்ளங்கைக்கு நேர் கீழே. இரும்பு சில்லிட்டிருந்தது.

போல்ட்டைக் கழற்றினேன். காய்ந்த அறையிலிருந்து கடல் நாற்றம் அடித்தது.

மூடிக்கு அடியில் யாரும் இல்லை.

மச்சான் கோடி மூலையில் மயங்கிக் கிடந்தான். கையில் பிரஷ். சுத்தியல் இல்லை.

அவனைத் தூக்கி வந்த பிறகு வில்லை கிடைத்தது. மேனேஜர் சட்டைப்பையில். பயணிகள் கண்ணில் படக்கூடாதென்று அவரே கழற்றியிருக்கிறார், பாவி. சட்டையைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள், அவருக்கு ஒன்றுமில்லை.

மச்சான் பிழைத்துவிட்டான். பெயிண்ட் நெடியில் 2.10-க்கெல்லாம் நினைவு போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து எங்கள் பழைய என்ஜினியரிடம் சொன்னேன். அவருடைய மாமனார் போர்க்காலத்தில் இதே கப்பலில் வேலை பார்த்தவர். என்ஜினியர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அஞ்சா? சரியா எண்ணினியா?"

எண்ணினேன் என்றேன்.

"அஞ்சுன்னா 'இங்க இன்னும் உயிர் இருக்கு'ன்னு அர்த்தம். போர்க்காலத்துப் பழக்கம். அந்த ரூம்ல தண்ணி ஏறினப்போ உள்ள இருந்தவங்க அதைத்தான் தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். மாமா காதால கேட்டிருக்காரு. அதிகாரியும் கேட்டான். கேட்டுட்டேதான் மூடச் சொன்னான். எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு எழுதியும் வெச்சான்."

அந்த அதிகாரியின் படம் நடன அறைச் சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது. தங்க முலாம் போட்ட சட்டம், தனி விளக்கு. அடியில் எழுதியிருக்கிறது: 'ஓர் உயிரைக்கூட இழக்காமல் கரை சேர்த்தவர்.'