பக்கத்து வீட்டு வியட்நாம்

மர வேலியில் ஒரு பலகை இல்லாத இடம் இருந்தது. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் எங்கள் பின்வளவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நின்ற வேலி அது. பலகையைக் கழற்றியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த இடைவெளியால் பாகற்காய் இங்கே வரும், பச்சைமிளகாய் அங்கே போகும். சித்தப்பா கதிரையை அதற்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நகராமல் உட்கார்ந்திருப்பார்.

போர் முடிந்த மறு வருடம் வவுனியாவிலிருந்து என்னிடம் வந்தவர் அவர். வன்னியில் அவருக்கென்று எவரும் மிஞ்சவில்லை. தபால் கந்தோர் வேலை, தொழிற்சங்கம், செங்கொடி என்று வாழ்ந்த மனிதர்; மேடை இல்லாவிட்டால் மரத்துக்காவது பேசுவார். அவர் பேசாத விஷயம் ஒன்றே ஒன்று. போர் முடிந்த கையோடு, எங்களைக் கொன்ற அரசைப் பாராட்டி ஜெனீவாவில் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் கியூபாவும் கை தூக்கின. வாழ்நாள் முழுக்க அவர் 'எங்கட ஆக்கள்' என்று சொன்ன நாடுகள். செய்தியில் அந்தப் பெயர்கள் வந்தால் தேநீர் வைக்கிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

நான் காலையில் வேலைக்குப் போனால் இருட்டுப்படத்தான் திரும்புவேன். அந்தப் பகல்களில் சித்தப்பாவுக்கு இருந்த ஒரே மனிதக் குரல் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தமிழர்கள் வந்த படகொன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று அந்த மனிதர் ஒரு கட்டுக் கீரையை நீட்டி, "போட். மீ டூ" என்றாராம். எந்த நாட்டுப் படகென்று சித்தப்பா கேட்கவில்லை. சீனர் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

ஏப்ரலில் ஒரு காலை. பக்கத்து வீட்டுக்காரர் கோட்டில் பதக்கங்கள் குத்தி, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்ட சிறு கொடியோடு வெளியே நின்றார், பழைய படையினரின் ஊர்வலத்துக்குப் போக. எந்த நாடு என்று அப்போதுதான் கேட்டார் சித்தப்பா. குசினி ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வியட்நாம் என்று பதில் வந்ததும் சித்தப்பாவின் முகத்தில் முப்பத்தைந்து வயது குறைந்தது. கை முட்டியை மடக்கி உயர்த்தினார். "யுவர் விக்டரி, அவர் விக்டரி, கொம்ரேட்!"

அந்த மனிதர் உயர்ந்த கையையே பார்த்தார். பிறகு ஊர்வலத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பிவிட்டார். பின்னேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பலகை திரும்ப ஏறிவிட்டது.

"அது தோத்த பக்கத்தின்ரை கொடி, சித்தப்பா. அவர் தெற்கு ஆமியிலை இருந்தவர். வெண்ட கொம்யூனிஸ்டுகள் அவரைப் பிடிச்சு முகாமிலை போட்டவை. அதுக்குப் பிறகுதான் வள்ளத்திலை தப்பி வந்தவர்."

"நீ ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரைக் கதைக்க விட்டனீங்கள்?"

"அமெரிக்கனோட நிண்ட ஆள்" என்று முணுமுணுத்தார். ஆனால் அந்தச் சொல்லில் பழைய உறைப்பு இல்லை. அடுத்த நாளிலிருந்து வளவுக்குப் போகவில்லை. கதிரை வெயிலில் தனியே கிடந்தது. நாலாம் நாள், "ஊருக்கு டிக்கெட்டைப் போடு பிள்ளை" என்றார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவுக்கும் செங்கொடி நாடுகளுக்கும் நடந்த அந்த வல்லரசுப் போட்டி எங்கள் தீவுக்கு முதலில் சாப்பாடாக வந்தது. கோதுமை மாவுக்கே அமெரிக்கன் மா என்று பெயர். கூட்டுறவுச் சங்கக் கடையில் அதன் பக்கத்திலேயே சீன அரிசி. இரண்டையும் தின்றுவிட்டு யார் பக்கம் என்று சந்தியில் நின்று சண்டை பிடித்தோம். வியட்நாம்காரருக்கு அது குண்டாகவே வந்தது. தூரத்திலிருந்து கை தட்டுவது எவ்வளவு சுகம். இப்போதும் படகுச் செய்தி வரும் மாலைகளில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. எந்த ஊரில் எவர் யாருக்காகக் கை தட்டுகிறார்களோ என்று வீட்டுக்குள் நடக்கிறேன்.

சனிக்கிழமை சித்தப்பா சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டார். வேலிப் பக்கம் போகாமல் தெருவால் சுற்றி, முன்கதவு மணியை அடித்தார். திரும்பி வர வெகு நேரமாயிற்று.

"என்ன கதைச்சனீங்கள்?"

"கட்சியிலை பிழை விட்டா, கூட்டத்திலை எழும்பி நிண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லோணும். சுயவிமர்சனம். அதைத்தான் செய்யப் போனனான்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழும்பி நிண்டு தொடங்கினன். அந்த மனுசன் ரெண்டு கையாலையும் மறிச்சுப் போட்டார். முகாமிலை ஒவ்வொரு நாளும் தங்களை அப்பிடித்தான் எழுப்பி நிப்பாட்டிப் பிழை சொல்ல வைச்சவையாம். செய்யாத பிழையும் சொன்னவராம். தன்ரை வீட்டிலை ஒருத்தரும் அப்பிடி நிக்கக் கூடாதாம்."

"பிறகு?"

"கதிரையைக் காட்டினவர். இருந்தனான். அவர் கதைச்சார், நான் கேட்டுக்கொண்டிருந்தன்."

"நீங்களோ? கேட்டுக்கொண்டோ?"

"நக்கல் அடிக்காதை."

"அப்ப டிக்கெட்?"

சித்தப்பா சேர்ட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினார். "இன்னும் வள்ளம் ஏறின கதைக்கு வரேல்லை அவர். வாற சனி வரச் சொன்னவர். அது முடியட்டும், பாப்பம்."