மூன்று வினாடி பிந்திய பேச்சு

மடுல்சீமைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று எது நடந்தாலும் அதை வீடியோ டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பவள் விதுஷா. பதுளை ஸ்டூடியோ ஒன்றில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே திரும்பி வந்தவள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த மெஷின்?" என்று கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணத்தையும் அவள்தான் டிஸ்க்கில் போட்டாள்.

மேல் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டு, சரியும் பயம் வந்த வருஷம், தோட்டத்தை நடத்தும் தொரை ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் வைத்தார். மழைக்கு முந்தி அந்த லயத்துப் பதினொரு குடும்பத்தையும் வேறு இடத்துக்கு மாற்றுவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். சங்கத் தலைவர் முருகையா அதைப் போன் வீடியோவில் முழுசாகப் பிடித்திருந்தார். மழை வந்தது, வீடு வரவில்லை. அப்படிச் சொல்லவே இல்லை என்றார் தொரை.

பதுளையில் தொழில் அதிகாரி முன்னால் விசாரணை. ஆதாரத்தை டிஸ்க்கில் கேட்டார்கள். விதுஷா அவசரமாகப் போட்டுக் கொடுத்தாள். அங்கே டிவியில் ஓடவிட்டபோது தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில், தொரை வாக்குக் கொடுக்கும் இடத்தில், அவர் வாய் அசைந்து மூன்று வினாடி கழித்தே பேச்சு கேட்டது.

"வேற யாரோ பேசினத ஒட்டியிருக்காங்க சேர்," என்று சிரித்தார் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளார்க் வீரசிங்கம். அசலைப் போட்டுக் காட்டப் போனும் இல்லை. முருகையா அதை லயத்திலேயே விட்டு வந்திருந்தார்.

விதுஷா எழுந்து நின்றாள். "ஒரு வாரம் குடுங்க சேர். பொய்யுன்னா நானே வந்து ஒத்துக்கிறேன்."

அதிகாரி சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் குரலை மூன்று வினாடி முன்னுக்கு இழுத்துப் பார்த்தாள். கடைசி சரியானது, தொடக்கம் கெட்டது. பத்தாவது நிமிஷம், இருபதாவது நிமிஷம் என்று நிறுத்தி நிறுத்தி அளந்தாள். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது. அப்போதுதான் பிடிபட்டது. மடுவத்துக்குள் வெளிச்சம் குறையக் குறைய, போன் வினாடிக்குப் பிடிக்கும் படங்களையும் குறைத்திருக்கிறது. டிஸ்க் எழுதும் புரோகிராமோ எல்லா வினாடிக்கும் ஒரே எண்ணிக்கை என்று நினைத்துப் படத்தை வேகமாக ஓட்டிவிட்டது. வீடியோவை வினாடிக்கு இருபத்தைந்து படம் என்று முதலில் சீராக்கி, பிறகு புது டிஸ்க் எழுதினாள். மூன்று வீட்டு பிளேயர்களில் போட்டுப் பார்த்தாள். வாயும் பேச்சும் சேர்ந்தே போயின.

மறுநாள் வீரசிங்கம் வாசலுக்கே வந்தார். "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேல ஒண்ணு இருக்கு. டிஸ்க் சரிவரலன்னு சொல்லிடேன்."

"எனக்கு வேல வேணும்தாங்க. ஆனா இந்த வேல வேணாம்," என்றாள்.

அடுத்த விசாரணையில் முருகையாவின் போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். "வாயப் பாருங்க சேர், பேச்சக் கேளுங்க. அன்னைக்குத் தப்பானது என் டிஸ்க். தொரை வாக்குக் குடுத்தது நெசம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதினொரு குடும்பத்தையும் மாற்ற வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

அந்த மாசமே ஏழு குடும்பம் இடம் மாறியது. மிச்ச நாலு குடும்பத்தை இன்னும் இழுத்தடிக்கிறார்கள். விதுஷா நாலு டிஸ்க் எழுதி அந்த நாலு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"ஆபீசுக்குப் போறப்ப கையில கொண்டு போங்க," என்றாள். "அங்கயே போடச் சொல்லுங்க. சத்தத்த நல்லாக் கூட்டி வச்சு."