பாலத்தின் நடுவில் ஒரு வாய்க் காப்பி

பிள்ளைகளே, எங்கள் வீட்டுச் சமையலறையில் வெள்ளை நிறத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் பானை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மின்சாரத்தில் ஓடுவது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி வயரை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் கொதித்துவிடும். அதன்பிறகு நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்கும். சின்னப் பொத்தானை முதலில் அழுத்திப் பூட்டை விடுவிக்க வேண்டும், பிறகு பெரிய பொத்தானை அழுத்தினால் மூக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். வீட்டுக்கு வந்தவரிடம் "தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் காப்பி கையில் இருக்கும். அவ்வளவு வசதியான சாமான் அது. அந்தப் பானையால் ஒரு நாள் விடியற்காலையில் நான் பட்ட பயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீடு தெப்ராவ் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்று. எனக்கு வேலை எல்லை தாண்டி, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில். இருட்டோடு கிளம்பினால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேரலாம். என் மனைவிக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிந்த பிறகு தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்குவாள், பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவாள். நான் போனதற்கும் அவள் வருவதற்கும் நடுவில் பிள்ளைகள் இருவரும் வீட்டில் தனியாகத் தூங்குவார்கள். மூத்தவளுக்கு அப்போது பத்து வயது. தம்பி ஒன்றாம் வகுப்பு.

அந்த நேரத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே காவல் பூட்டு. எங்கள் வரிசையிலேயே திருடன் புகுந்த வீடுகள் உண்டு. அதனால் வாசல் கிரில் கதவுக்கு, கடையில் இருந்ததிலேயே தடித்த பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. பின்கதவுக்கு நிரந்தரமாக ஒரு பூட்டு. நான் கிளம்பும்போது வாசல் கிரிலை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவேன். உள்ளே ஓர் ஆணியில் மாற்றுச் சாவி தொங்கும். அந்த வாரம் மட்டும் ஆணியில் சாவி இல்லை. மனைவி தன்னுடையதைத் தொலைத்துவிட்டு அதை எடுத்துப் போயிருந்தாள். புதிதாக ஒன்று வெட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

முதல்நாள் சாயங்காலம், வேலைக்குப் போவதற்கு முன்னால், மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். இந்த வயரைத் தொட்டுப் பாருங்க."

பானையும் சோற்றுப் பானையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில்தான் மாட்டியிருந்தன. அது அலமாரிக்குப் பின்னால், காஸ் தோம்புக்கு, அதாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் கிடக்கும். தொட்டேன்.

"கொஞ்சம் சூடா இருக்கு."

"கொஞ்சமா? மோந்து பாருங்க. மீன் கவுச்சி மாதிரி ஒரு வாசன வருது."

"மீன் பொரிச்சோம்ல, அதான்."

"மீன் பொரிச்சது திங்கக்கெழம. அது இன்னிக்கி வரைக்குமா மணக்கும்? ஒங்க மூக்க மாத்தணும் மொதல்ல." அவளே சுவிட்சை அணைத்துப் பிடுங்கி வைத்தாள். "இனிமே இதத் தொடாதீங்க. காலைல காப்பி வேணும்னா அடுப்புல தண்ணி வச்சுக்குங்க. புது வயர் வாங்கிட்டு அப்புறம் பாக்கலாம்."

சரி என்றேன். சரி என்று சொன்னது வாய். மறுநாள் விடியற்காலை அரைத் தூக்கத்தில் எழுந்து வேலை செய்தது கை. எத்தனையோ மாதமாகச் செய்த வேலையை அது தானாகச் செய்தது. பானையில் தண்ணீர் ஊற்றி, வயரை மாட்டி, சுவிட்சைத் தட்டியிருக்கிறேன். காப்பி கலக்கிச் சின்னப் பிளாஸ்க்கில் ஊற்றியிருக்கிறேன். பிள்ளைகள் எழுந்ததும் பால் கலக்கிக் குடிக்கட்டும் என்று பானையை மறுபடி நிறைத்துக் கொதிக்கவும் விட்டிருக்கிறேன். அப்புறம் கிரிலைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பஸ் பாலத்தில் ஏறி நின்றது. முன்னால் லாரிகள், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். எப்போதும் அந்த இடத்தில்தான் பிளாஸ்க்கைத் திறப்பேன். மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். நாக்கைச் சுட்டது.

இவ்வளவு சூடாக இருக்கிறதே, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் தெரிந்தது. நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியைத் தொட்ட ஞாபகமே இல்லை.

பக்கத்து இருக்கையில், சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, காப்பில உப்பப் போட்டுட்டீங்களா?"

"தம்பி, சுடுதண்ணிப் பானைய நிறுத்தாம வந்துட்டேன்."

"அதுக்கா இந்த முழி முழிக்கிறீங்க? அதெல்லாம் தண்ணி வத்துனா தானா நின்னுடும் லா."

"பானை இல்லப்பா, வயரு. நேத்தே கருகிக்கிட்டிருந்துச்சி. பிள்ளைங்க உள்ள தூங்குதுங்க."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "சாவி?"

கால்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"எறங்கித் திரும்பி நடந்துடவா?"

"நம்ம பக்கம் தாண்டியாச்சிண்ணே. அந்தப் பக்கம் குடிநுழைவுக்குள்ள போயி, அங்கேருந்து திரும்பி வந்தாதான் உண்டு. நடுவுல எறங்குனா நீந்தித்தான் போவணும். மொதல்ல போன் போடுங்க."

மனைவிக்குப் போட்டால் பயனில்லை. ஷிப்ட் முடியும்வரை கைப்பேசி லாக்கரில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிற்சாலைச் சட்டம். வீட்டில் பிள்ளைகளுக்கென்று என் பழைய கைப்பேசி ஒன்று உண்டு. அதற்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இரவில் சத்தம் வராமல் வைக்கச் சொல்வதும் நாங்கள்தான். மூன்றாவது முறை போடும்போது பாலத்தின் நடுவே நம் நாட்டுச் சிக்னல் போய்விட்டது. சிங்கப்பூருக்கு நல்வரவு என்று ஒரு செய்தி வந்தது. கைப்பேசியை ஜன்னலில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது.

சிக்னல் வந்ததும் பக்கத்து வீட்டு மாக்சிக்கை அழைத்தேன். மாக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி; மலாய்க்காரர், வயதில் எனக்கு அம்மா போல. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். விடியற்காலை சுபூ தொழுகைக்காக எழுந்திருப்பார் என்று தெரியும். கடவுள் புண்ணியம், எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "அலமாக்!" என்று ஒரு சத்தம், பிறகு செருப்புச் சத்தம், பிறகு எங்கள் கிரிலை அவர் உலுக்கும் சத்தம். என் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். ஒரு வீட்டின் அமைதியைக் கைப்பேசியில் கேட்டிருக்கிறீர்களா? கேட்கவே வேண்டாம்.

அப்புறம் உள்கதவு திறக்கும் சத்தம், ஒரு தூக்கக் குரல். "மாக்சிக்?"

மாக்சிக் கைப்பேசியைக் கம்பி வழியாக அவளிடம் கொடுத்தார்.

"அப்பா, ஏன்பா? என்னாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. தம்பி எங்க?"

"தூங்குறான். அப்பா, என்னமோ நாத்தம் அடிக்குது. பிளாஸ்டிக்க எரிச்ச மாதிரி."

"எங்கேருந்து?"

"சமையக்கட்டுல. போயி பாக்கவா?"

அங்கே எனக்கு இருந்தது அவளுடைய இரண்டு கைகள்தான். அவள் போய் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் வயர், வயருக்குப் பக்கத்தில் காஸ் தோம்பு. போகாதே என்றால், வெளியே வர வழியில்லாத வீட்டுக்குள் தீ வளர்வதற்கு விட்டவன் ஆவேன். போ என்றால், தீயிடம் நானே அனுப்பியவன் ஆவேன்.

"போவாதே," என்றேன். "சமையக்கட்டுக் கதவ மட்டும் சாத்திட்டு ஓடியா. தம்பிய எழுப்பி ஹாலுக்குக் கூட்டிட்டு வா."

"அவன் எந்திரிக்க மாட்டான்பா."

"இழுத்துட்டு வா."

பாயோடு இழுத்து வந்தாள். அவன் அப்போதும் தூங்கினானாம்.

வாசல் கதவுக்கு மேலே உள்பக்கச் சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் வீடு முழுக்க மின்சாரம் நின்றுவிடும். எனக்கே கால்விரலில் நின்றால்தான் எட்டும். நாற்காலிகள் எல்லாம் சமையலறையில். மாக்சிக்கிடம் சொன்னேன். அவர் துணி காயப்போடும் மூங்கில் கழியைக் கொண்டுவந்து, மாட்டியிருந்த சட்டைகளை உருவிப் போட்டுவிட்டு, கம்பி வழியாக உள்ளே நீட்டினார்.

"புடிச்சிக்கிட்டியா? மேல பாரு. கறுப்பா ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதக் கீழ தள்ளு."

"எட்டுதுப்பா. ஆனா கழி ஆடுது."

"மெதுவா."

"அப்பா, கதவு இடுக்குல பொக வருது."

"அதப் பாக்காத. மேல பாரு. தள்ளு."

கழி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. மாக்சிக் "சாபார், சாபார்" என்று, பதறாதே என்று, சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு 'டக்'. உடனே என் மகள் வீறிட்டாள். அதோடு தொடர்பு அறுந்தது.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பஸ் அதற்குள் அந்தக் கரையில் நின்று, எல்லாரும் இறங்கிக் குடிநுழைவு மண்டபத்துக்குள் ஓடினார்கள். நானும் ஓடினேன். அங்கே கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தேன். காவலாளி கையைக் காட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தால், வியர்வை ஈரத்தில் அது என்னை யாரென்று அறியவில்லை. சட்டையில் துடைத்து வைத்தேன். மறுபடியும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் காதில் அந்த ஒரு அலறல்தான் இருந்தது. மின்சாரம் அடித்த அலறலா, தீயைக் கண்ட அலறலா என்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அதைவிட நல்லதாக எதுவும் நினைக்க வரவில்லை. அந்தத் தம்பி என் கையைப் பிடித்துத் தன் கைக்குட்டையால் விரலைத் துடைத்து, தானே இயந்திரத்தில் அழுத்தினான். கதவு திறந்தது.

வெளியே வந்து போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"ஏம்மா கத்துன?"

"திடீர்னு இருட்டாயிடிச்சிப்பா. கழியும் மாக்சிக் மேல விழுந்திடிச்சி. போன் கீழ விழுந்திடிச்சி."

"பொக?"

"கொறஞ்சிருக்கு. மாக்சிக் பொம்பாவுக்குப் போன் பண்ணவான்னு கேக்குறாங்க."

"பொம்பா வந்து தீய அணைக்கட்டும், பண்ணச் சொல்லு," என்றேன். பஸ்ஸில் கூட வந்த தம்பிதான் வேலையிடத்துக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லி என்னைத் திரும்பும் பக்கத்து வரிசைக்குத் தள்ளிவிட்டான்.

நான் வீட்டுக்கு வந்தபோது தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை; வேறோர் இடத்துத் தீக்குப் போயிருந்ததாம். மாக்சிக்கின் கணவர் தொழுகை நடக்கும் சூராவிலிருந்து வந்து இரும்பு ரம்பத்தால் என் பூட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பாதிகூட அறுபடவில்லை. என்னைப் பார்த்ததும் நெற்றியைத் துடைத்தார்.

"நல்ல பூட்டு வாங்கியிருக்கிறாய். திருடன் வந்தால் பாவம்."

நான் சிரிக்கவில்லை. சாவியை நுழைக்க முயன்றேன். துளையைச் சுற்றிச் சுற்றிக் குத்தினேன். என் மகள் உள்ளேயிருந்து கம்பி வழியாகக் கையை விட்டு, பூட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

கதவு திறந்ததும் நான் அவளைத் தூக்கப் போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். வெறுங்காலோடு தெருவுக்குப் போய் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் வயர் உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. அலமாரியின் அடிப்பலகை கறுத்து, சுவரில் என் இடுப்பு உயரத்துக்குப் புகைக் கறை. தோம்பின் ரப்பர்க் குழாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நம்ப மாட்டீர்கள், பானைக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர்கூட இன்னும் சூடாக இருந்தது.

பிறகு பொம்பாக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மகன் எழுந்து, பள்ளி உண்டா இல்லையா என்று கேட்டான். மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது மகள் அப்போதும் தெருவில்தான் இருந்தாள்.

"உள்ள வா கண்ணு. எல்லாம் முடிஞ்சிருச்சி."

"பூட்டுவீங்களா?"

"பகல்ல பூட்ட மாட்டோம்."

"ராத்திரிக்கி?"

மனைவி என்னைப் பார்த்தாள். வரிசையில் புகுந்த திருடர்கள் என் நினைவில் வந்தார்கள். சாவியை உள்ளே தொங்கவிட்டால் திருடனுக்கு அதை எடுக்க ஒரு கழி போதும் என்பதும் அன்று காலையில்தான் தெரிந்திருந்தது.

"ராத்திரி உள்ளேருந்து பூட்டுவோம்," என்றேன். "சாவி ஒங்கிட்டதான் இருக்கும். நான் போவும்போது ஒன்ன எழுப்பித் தொறக்கச் சொல்லுவேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே வந்தாள்.

அன்று முதல் விடியற்காலையில் அவள் தூக்கத்தைக் கெடுத்துத்தான் வேலைக்குப் போகிறேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறப்பாள். நான் வெளியே போனதும் பூட்டிக்கொண்டு, சாவியைக் கையில் மூடியபடி மறுபடி படுத்துவிடுவாள். நான் தெருமுனைவரை நடந்து, அங்கே நின்று, எங்கள் வீட்டுப் பக்கம் புகை தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுகிறேன்.