நான்காம் தரத் துப்பாக்கி

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் உலோகவியல் படித்த காலத்தில், சனிக்கிழமைகளில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தரம் போட்டேன். சேகரிப்பவர்களுக்கு விற்கும் கடை அது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்க்க வேண்டும். உள்ளே துருக்குழி இருக்கிறதா, எல்லாப் பாகத்திலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா, மரக்கட்டையில் ஒட்டு உண்டா என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு தரம் எழுத வேண்டும். ஒன்றுதான் உசத்தி. என் கண்மேல் முதலாளிக்கு ரொம்ப நம்பிக்கை. கையையும் சேர்த்து நம்பிவிட்டார், பாவம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அக்டோபரில், வயதான அம்மாள் ஒருவர் தம் மகனோடு வந்தார். போர்வையில் சுற்றி, நூறு வருடத் துப்பாக்கி ஒன்று. கணவரின் தாத்தா போருக்குத் தூக்கிப்போனதாம். கணவர் ஞாயிறுதோறும் அதைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் போய் இரண்டு வருடம்.

"அம்மா சின்ன வீட்டுக்கு மாறப் போறாங்க. விலை போகாட்டி பரவாயில்ல, அங்கயே எங்கயாவது மாட்டிக்கட்டும். போனா வித்துடுங்க," என்றார் மகன். அந்த அம்மாளுக்குத் துப்பாக்கியின் கட்டையிலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று. இரண்டாம் தரம் தேறும் என்று நான் சொன்னேன். இரண்டுக்குக் கீழே தொடாத ஒரு சேகரிப்பாளர் அடுத்த சனிக்கிழமை வருவதாக ஏற்பாடாயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூஜை. முந்தின நாள்தான் மனைவியின் ஏர்மெயில் வந்திருந்தது. கல்யாணமான நாற்பதாம் நாள் அவளை மாயவரத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். மூன்று வருடம் ஆகியிருந்தது. உங்கள் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைக்கப் போகிறேன், ஓட்டத்தான் ஆளில்லை என்று எழுதியிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கடையில் நானும் அந்த அம்மாள் விட்டுப்போன துப்பாக்கியும்தான். இன்றைக்குப் போய் ஓர் ஆயுதத்தை அழுக்கோடு விடுவதா என்று தோன்றியது. வயதால் ஏறிய பழுப்பைத் துடைத்தால் தரம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என் விஷயத்தில் சரியாய்ப்போயிற்று. பித்தளையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். குழலை இரும்பு நாரால் தேய்த்தேன். மனசெல்லாம் மாயவரத்துச் சைக்கிளில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், துப்பாக்கி கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாலு. நீயே எழுது," என்றார். எழுதினேன். மதியம் வந்த சேகரிப்பாளர் சீட்டைப் பார்த்ததோடு சரி, கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு அந்த அம்மாள் தனியாக வந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்போ இதை யாரும் வாங்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. நாலுன்னு எழுதிட்டேன்."

"அந்தச் சீட்டைக் குடுங்க. மகன்கிட்ட காட்டணும்."

பஸ் நிறுத்தம்வரை நான்தான் தூக்கிப்போனேன். ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் கிடத்தி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன புருஷனோடு அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உயிரோடிருக்கும் பெண்டாட்டியிடம் போக எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.